பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவின் ‘ஃபெய்த்’ அத்தியாயம்: இரண்டு கதைகளா, ஒரே கதையா?

2 மார்ச் 2024 – வாசகர் ஒருவரின் கருத்து

‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரில், நான்காம் பருவத்தின் ஆறாவது அத்தியாயத்தை நேற்று மீண்டும் பார்த்தேன். சைலான்களின் கலத்தில் நடக்கும் பகுதி மிக நன்றாக இருக்கிறது. ஆனால் அது சூடுபிடிக்கும்போதெல்லாம் நிறுத்திவிட்டு, மருத்துவப் பிரிவில் இரண்டு புற்றுநோயாளிகள் கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைக் காட்டுகிறார்கள். எமிலி என்ற அந்தப் பாத்திரத்துக்கும் கலத்தில் நடப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு வேறு கதைகளை ஒன்றாக ஒட்டிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். மருத்துவப் பிரிவுக் காட்சிகளை முழுவதும் வெட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

3 மார்ச் 2024, இரவு 9.50 – என் மறுமொழி

அவற்றை வெட்டியிருந்தால் அத்தியாயத்தின் பெயருக்குப் பாதிப் பொருள்தான் மிஞ்சியிருக்கும். ஷேமஸ் கெவின் ஃபாஹி எழுதி, மைக்கேல் நான்கின் இயக்கி, 2008ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் ஒளிபரப்பான அத்தியாயம் இது. அதன் பெயரைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: நம்பிக்கை. கடவுள் மீது வைப்பதையும் நாம் நம்பிக்கை என்கிறோம். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகும்போது அவர் மீது வைப்பதையும் நம்பிக்கை என்றே சொல்கிறோம். படுக்கையில் கிடப்பவரிடம் “நம்பிக்கையாக இருங்கள்” என்று சொல்லும்போது அதே சொல் மூன்றாவதாக ஒரு பொருளைத் தருகிறது. இம்மூன்றும் நம் மொழியில் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதால்தானோ என்னவோ, முதல் முறை பார்த்தபோதே இந்த அத்தியாயத்தின் இரண்டு பாதிகளும் எனக்குத் தனித்தனியாகத் தெரியவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதர்கள் படைத்த இயந்திரங்களான சைலான்கள் மனித இனத்தை ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். எஞ்சியவர்கள் ஒரு சிறு கப்பற்கூட்டத்தில் பூமியைத் தேடி ஓடுகிறார்கள். மனித உருவம் கொண்ட சைலான் ஒன்று இறந்தால், அதன் நினைவுகள் உயிர்ப்புக் கலத்தில் காத்திருக்கும் இன்னோர் உடலுக்குச் சென்றுவிடும். ஆகவே அவர்களுக்குச் சாவு என்பது ஒரு மோசமான பயணம் மட்டுமே. நான்காம் பருவத்தில் அவர்களுக்குள்ளேயே உள்நாட்டுப் போர் மூள்கிறது. இரண்டாம், ஆறாம், எட்டாம் வகையினர் ஒரு பக்கம் (ஒரு வகையைச் சேர்ந்த எல்லோருக்கும் ஒரே முகம்). கேவில் என்ற முதல் வகையும் அவனுடைய கூட்டாளிகளும் மறுபக்கம். கேவில் தன் எதிரிகளை உயிர்ப்புக் கலம் எட்டாத தொலைவுக்கு வரவழைத்துத் தாக்குகிறான். சிதைந்த கலத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் திரும்பி வர முடியாத சாவைச் சந்திக்கிறார்கள். உதவி கேட்டு அவர்கள் அனுப்பும் தூதன் லியோபென் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன்; மனிதர்கள் குடியேறி, சைலான்கள் ஆக்கிரமித்த நியூ காப்ரிகா என்ற கோளில், விமானி காரா திரேஸைச் சிறை வைத்திருந்தவன். காராவின் கையால் பலமுறை கொல்லப்பட்டவன். அவன் சொல்லை நம்பி காராவும், மனிதர்களோடு சேர்ந்துவிட்ட எட்டாம் வகைச் சைலான் ஏதீனாவும், காராவின் கணவன் ஆண்டர்ஸும், பாரோலே என்ற வீராங்கனையும் ராப்டர் என்ற சிறு விண்கலத்தில் ஏறி அந்தக் கலத்துக்குப் போகிறார்கள்.

அதே நேரத்தில் மனிதர்களின் போர்க்கப்பலான கலாக்டிகாவின் மருத்துவப் பிரிவில், குடியரசுத் தலைவர் லாரா ரோஸ்லின் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். பக்கத்தில் எமிலி கோவால்ஸ்கி என்ற பெண்மணி, பிழைக்கமாட்டோம் என்று தெரிந்தவராக, ஒரே கடவுளைப் போதிக்கும் பால்டர் என்பவனின் சொற்பொழிவை வானொலியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தொடர்பு இல்லை என்கிறீர்கள். கலத்தை இயக்கும், பாதி உடலும் பாதி இயந்திரமுமான ஹைப்ரிட் காராவின் கையைப் பற்றிக்கொண்டு, இறந்துகொண்டிருக்கும் தலைவி ஆப்ரா மாளிகையின் (சில பாத்திரங்களுக்குக் கனவுக்காட்சியாகத் தோன்றும் இடம்) உண்மையை அறிவாள் என்று சொல்வது யாரைப் பற்றி? மருத்துவப் பிரிவில் முடி கொட்டிய தலையோடு படுத்திருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். கதையோட்டத்தின் அளவிலேயே முடிச்சு இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த முடிச்சு அன்று. கலத்தில் பாரோலேயைக் கொன்ற ஆறாம் வகைப் பெண்ணை ஆண்டர்ஸ் சுட்டுக் கொன்று கணக்கைத் தீர்க்கும் காட்சியும், மருத்துவப் பிரிவில் எமிலி சாகும் காட்சியும் அடுத்தடுத்து நின்று ஒன்றையொன்று பார்க்கின்றன. அதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

4 மார்ச் 2024, காலை 7.15

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. அதைச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. அந்த ஆறாம் வகைப் பெண்ணைச் சுட்டது ஆண்டர்ஸ் இல்லை. அவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றது உண்மை. சுட்டது நடாலி, அதாவது அதே ஆறாம் வகையைச் சேர்ந்த கிளர்ச்சித் தலைவி. ஆண்டர்ஸின் கோபத்தை நான் அவ்வளவு தீவிரமாக உள்வாங்கியிருந்ததால் நினைவு அவன் கையிலேயே துப்பாக்கியை விட்டுவிட்டது போலும். இந்தப் பிழை சிறியது இல்லை. யார் சுட்டார் என்பதில்தான் அந்தக் காட்சியின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

4 மார்ச் 2024, இரவு 10.30

அந்தக் காட்சியை மீண்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

நியூ காப்ரிகா ஆக்கிரமிப்புக் காலத்தில் பாரோலே எதிர்ப்புப் படையில் இருந்தவள். அப்போது அவள் ஓர் ஆறாம் வகைப் பெண்ணைக் கொன்றிருக்கிறாள். பாரோலேயின் கணக்கில் அது முழுமையான கொலைகூட இல்லை. கொல்லப்பட்டவள் சற்று நேரத்தில் வேறோர் உடலில் கண் விழிப்பாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கண் விழித்தவள் தான் செத்ததை மறக்கவில்லை. உயிர்ப்பு என்பது சாவை மட்டும்தான் நீக்கியது. செத்த வலியையும், கொன்றவளின் முகத்தையும் அது அப்படியே பத்திரப்படுத்தி வைத்திருந்தது. சிதைந்த கலத்தின் தாழ்வாரத்தில் அவள் பாரோலேயை அடையாளம் காண்கிறாள், அடித்துக் கொல்கிறாள். பாரோலே திரும்பி வரப்போவதில்லை.

ஆண்டர்ஸ் துப்பாக்கியை எடுக்கிறான். இங்கே உயிர்ப்புக் கலம் இல்லை, இவள் செத்தால் செத்ததுதான் என்று நடாலி அவனுக்கு உணர்த்துகிறாள். பிறகு தன்னைப் போலவே முகம் கொண்ட அந்தப் பெண்ணை நெருங்கி, முத்தமிட்டு, தானே சுட்டுவிடுகிறாள். மனிதர்களின் நீதிக்கு இது போதுமா என்று கேட்கிறாள்.

முதல் முறை பார்த்தபோது இதை ஒரு பேரம் என்று புரிந்துகொண்டேன்: ஓர் உயிருக்கு ஓர் உயிர், கூட்டணி தொடரட்டும். இப்போது அப்படித் தோன்றவில்லை. அதுவரை சைலான்கள் மனிதர்களிடம் பணயமாக வைத்த எதுவுமே உண்மையான பணயமாக இருந்ததில்லை, ஏனென்றால் இழந்தால் திரும்பக் கிடைக்காத பொருள் எதுவும் அவர்களிடம் இல்லை. இழக்க எதுவும் இல்லாதவரோடு ஒப்பந்தம் செய்ய முடியுமே தவிர அவரை நம்ப முடியாது. நடாலி தன் இனத்தில் ஒருத்தியை மீளாச் சாவுக்கு அனுப்பியபோதுதான் சைலான் தரப்பிலிருந்து மீட்க முடியாத ஒன்று மேசை மீது வைக்கப்பட்டது. அடுத்த அத்தியாயத்தில் அதே நடாலி மனிதர்களின் மன்றத்தில் நின்று, முடிவு இருந்தால்தான் தங்கள் வாழ்வுக்கு மதிப்பு உண்டு என்று உணர்ந்ததாகவும், மனிதர்கள் வாழ்நாள் முழுவதும் அஞ்சும் சாவுதான் அவர்களை முழுமையாக்குகிறது என்றும் பேசுவாள். அந்தப் பேச்சை எழுதிய கை இந்தக் காட்சியை நினைவில் வைத்திருந்தது என்றே நம்புகிறேன்.

ஆனாலும் அந்த முத்தம் எனக்கு உறுத்துகிறது. மன்னிப்பா, விடைகொடுத்தலா, அல்லது தன் கையே தன் முகத்தைச் சுடுவதற்கு முன் கேட்ட ஒப்புதலா? மூன்றும் இருக்கலாம். இதை நீதி என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

5 மார்ச் 2024, மதியம் 1.05

ஒரு சிறு குறிப்பு. தலைப்பு இசையில் ஒலிப்பது காயத்ரி மந்திரம்தானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், அதுவேதான். கிரேக்கத் தெய்வங்களின் பெயர்களைச் சொல்லி வணங்கும் பல தெய்வ வழிபாட்டு மனிதர்கள், ஒரே கடவுளை நம்பும் இயந்திரங்கள், தொடக்கத்தில் ஒரு வேத மந்திரம். 1978இல் முதல் தொடரை உருவாக்கிய கிளென் லார்சன் மார்மன் சமயத்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பல தெய்வங்களை வணங்குவோர் இயல்பான மனிதர்களாகவும், ஒரு கடவுளை வணங்குவோர் அந்நியர்களாகவும் காட்டப்பட்டது அரிது. நம்மைப் போன்ற பார்வையாளர்களுக்கு இந்த உலகத்துக்குள் நுழைவது அதனாலேயே எளிதாக இருந்தது.

5 மார்ச் 2024, இரவு 11.20

இனி எமிலி.

எமிலியாக நடித்தவர் நானா விசிட்டர். 1993 முதல் 1999 வரை ‘ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில், ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய, ஆழ்ந்த இறைப்பற்றுள்ள கீரா நெரிஸாக நடித்தவர் அவர். கலாக்டிகாவை மறுஆக்கம் செய்த ரொனால்ட் மூரும் அந்தத் தொடரில் எழுதியவர்தான். பழைய தொடரைப் பார்த்தவர்களுக்கு, படுக்கையில் கிடக்கும் இந்த மெலிந்த முகத்தில் அந்த வீராங்கனையின் நிழல் தெரிந்துகொண்டே இருக்கும்.

ரோஸ்லின் சாகப்போகும் தலைவியைப் பற்றிய பித்தியா என்ற பழங்காலத் தீர்க்கதரிசியின் ஏட்டு வாக்கை நம்பித் தன் மக்களைப் பல ஆண்டுகள் வழிநடத்தியவர். அப்படிப்பட்டவரிடம் எமிலி நேராகக் கேட்கிறார்: சேயுஸ் ஒரு தாழிக்குள் கைவிட்டு, பரிசுச்சீட்டு எடுப்பது போல ஒவ்வொருவருக்கும் ஒரு விதியை எடுத்துக் கொடுக்கிறாரே, ஒருவரைத் தளபதியாக்குகிறார், இன்னொருவரின் குடும்பத்தைத் தாக்குதலில் ஆவியாக்கிவிட்டு அவரை மட்டும் பூஞ்சை பிடித்த கப்பல் அறையில் சில ஆண்டுகள் உயிரோடு வைத்து, பிறகு அவர் உடலே அவரைத் தின்னும்படி விடுகிறார், அந்தத் தெய்வங்களையா நீங்கள் வணங்குகிறீர்கள்? தலையெழுத்து என்ற சொல்லோடு வளர்ந்த யாருக்கும் இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. நம் வீடுகளில் இதைக் கடவுள் படத்தின் முன் நின்றே கேட்பார்கள்.

அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது, அவை உருவகங்கள் என்கிறார் ரோஸ்லின். தனக்கு உருவகங்கள் வேண்டாம், விடைகள் வேண்டும் என்கிறார் எமிலி. இந்தத் தொடரில் நான் கேட்ட மிக நேர்மையான உரையாடல் இது. உருவகம் என்று சொல்வது உடல்நலத்தோடு இருப்பவர்களின் வசதி. ரோஸ்லினும் நோயாளிதான், ஆனால் அவருக்குச் செய்ய வேண்டிய வேலை இருந்தது, சேர்க்க வேண்டிய கரை இருந்தது, ஏட்டில் ஓர் இடம் இருந்தது. எமிலிக்கு அவை எதுவும் இல்லை.

அதன் பிறகுதான் ரோஸ்லின் தன் தாயைப் பற்றிப் பேசுகிறார். ஆசிரியையாக இருந்த அந்தத் தாயும் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர். உடனிருந்து பார்த்துக்கொண்டவர் ரோஸ்லின். உயிர் பிரிந்த நேரத்தில் தான் கண்டது கரிய பாழ் ஒன்றை மட்டுமே என்கிறார். ஏட்டைத் தூக்கிப் பிடித்த தலைவியின் உள்ளே இவ்வளவு காலமாக இருந்தது இந்தப் பாழ்தான். எமிலியின் மறுமொழி எளியது: நீங்கள் நின்ற இடத்திலிருந்து அப்படித் தெரிந்தது, உங்கள் தாய் எங்கே சென்றார் என்பதை நீங்கள் எப்படி அறிவீர்கள்?

சமயத்தைப் பற்றிப் பேசும் பல அறிவியல் புனைகதைகள், இறுதியில் கடவுள் ஓர் இயந்திரம் என்றோ வேற்றுக்கிரகவாசி என்றோ காட்டிவிட்டுக் கதவை மூடிவிடுகின்றன. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு பெண்கள் பேசுகிறார்கள், ஒருத்தி இறக்கிறாள், மற்றவள் ஒரு கனவு காண்கிறாள். அவ்வளவுதான்.

6 மார்ச் 2024, காலை 6.40

கலாக்டிகாவின் அதிகாரி கெய்ட்டாவை மறந்துவிட்டு கூட்டணியைப் பற்றி எழுதுகிறீர்களே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. உண்மையில் அவரை விட்டுவிட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அத்தியாயம் தொடங்குவதே அவருடைய காலில் பாயும் குண்டோடுதான். பூமியைத் தேடி காராவின் தலைமையில் அனுப்பப்பட்ட டெமிட்ரியஸ் கலத்தில் அவளுக்கு எதிராகக் கலகம் வெடித்திருக்கிறது. கப்பற்கூட்டத்துக்குத் திரும்பும்படி காராவுக்கு அடுத்த நிலை அதிகாரியான ஹீலோ ஆணையிடுகிறார். கலம் விண்வெளியில் தாவிச் செல்வதற்கான கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்த கெய்ட்டாவை ஆண்டர்ஸ் சுட்டு வீழ்த்துகிறான். அதன் பிறகுதான் சமரசம் வருகிறது: காரா ராப்டரில் போகலாம், டெமிட்ரியஸ் குறித்த நேரம்வரை காத்திருக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கெய்ட்டாவின் கால் கெட்டுக்கொண்டிருக்கிறது. உடனே திரும்பியிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம். அவரும் அதைத்தான் கெஞ்சுகிறார்.

ஆக, நேற்று முன்தினம் நான் எழுதியதைத் திருத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கூட்டணிக்கான முதல் விலையை நடாலி கொடுக்கவில்லை, பாரோலேயும் கொடுக்கவில்லை. யாரும் கேட்காமலே கெய்ட்டாவிடமிருந்து அது எடுக்கப்பட்டது. நடாலி செலுத்திய விலைக்கு ஒரு சடங்கின் கண்ணியம் இருந்தது. எல்லோரும் நின்று பார்த்தார்கள். கெய்ட்டாவின் விலையை ஒருவரும் விலையாகவே எண்ணவில்லை. கால் துண்டிக்கப்படுகிறது. 2009இன் தொடக்கத்தில் ஒளிபரப்பான அத்தியாயங்களில், சைலான்களோடு கூட்டணி வேண்டாம் என்று கலகம் செய்து, தோற்று, துப்பாக்கிகளின் முன் அமர்ந்திருக்கிறார். இல்லாத காலின் அரிப்பு நின்றுவிட்டது என்று சொல்லி முடிவதற்குள் சுடப்படுகிறார். அந்தக் கலகத்தைப் பார்த்தபோது அவர் மீது எனக்குக் கடும் கோபம் இருந்தது. இந்த அத்தியாயத்தை மீண்டும் பார்த்த பிறகு அந்தக் கோபம் முன்போல் இல்லை.

6 மார்ச் 2024, இரவு 9.00

ஏதீனாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிதைந்த கலத்தில் அவளைப் போன்றே முகம் கொண்ட எட்டாம் வகைப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, நடாலியின் தலைமை தங்களை அழிவுக்குக் கொண்டுவந்துவிட்டது, நீ எங்களுக்குத் தலைமை தாங்கு என்கிறார்கள். அவள் மறுக்கிறாள். ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் அதிலேயே நிற்க வேண்டும், நிலைமை கடினமாகும்போது மாறிக்கொண்டே இருந்தால் உங்களுக்கென்று எதுவும் மிஞ்சாது என்பது அவள் சொல்வதன் சாரம். தன் இனத்தை விட்டு மனிதர்களிடம் வந்து, சிறையிலும் அவமதிப்பிலும் நின்று நிலைத்தவளின் சொல் என்பதால் அதற்கு எடை உண்டு.

அடுத்த வாரமே இதே ஏதீனா, நடாலி தன் குழந்தை ஹீராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்ற அச்சத்தில், தான் கண்ட ஆப்ரா மாளிகைக் காட்சியை நம்பி, அவளைச் சுட்டுவிடுகிறாள். நடாலி கலாக்டிகாவின் அதே மருத்துவப் பிரிவில் இறக்கிறாள். ஒருவரை ஏதீனா நம்பியதும், இன்னொருவரைக் கொன்றதும் ஒரே நம்பிக்கையின் பெயரால்தான். அவளைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. குழந்தையை இழந்து ஒருமுறை மீட்டவள் அவள்.

இன்னொரு காட்சி இருக்கிறது. அதைத்தான் முதல் நாளிலிருந்து எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். கலத்தில் காயமுற்று இறந்துகொண்டிருக்கும் எட்டாம் வகைப் பெண் ஒருத்தி, அச்சத்தோடு கையை நீட்டுகிறாள். அவள் முகமே கொண்ட ஏதீனா தயங்கி நிற்கிறாள். அந்தக் கையைப் பற்றிக்கொள்வது ஆண்டர்ஸ். தானும் சைலான் என்பதை அண்மையில் அறிந்து யாரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருப்பவன். அன்று காலையில் கெய்ட்டாவின் காலைச் சுட்டவன். சற்று நேரத்துக்கு முன் ஓர் ஆறாம் வகைப் பெண்ணின் உயிரைக் கேட்டு நின்றவன். அவனுடைய கைதான் அவளுக்குக் கிடைத்தது.

7 மார்ச் 2024, இரவு 11.55

2011இல் என் அம்மா நான்கு மாதங்கள் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் இருந்தார். அம்மாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. தாத்தா சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். வீட்டில் சாமி படம் இருந்ததில்லை. பக்கத்துப் படுக்கையில் பூ விற்றுப் பிழைத்த ஒரு பெரியம்மா இருந்தார். தலையணைக்கு அடியில் சிறிய வானொலிப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார். விடியற்காலையில் அதில் பக்திப் பாடலும் சொற்பொழிவும் மெல்லிய ஒலியில் ஓடிக்கொண்டிருக்கும். முதல் வாரத்தில் அம்மா அதை நிறுத்தச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். மூன்றாவது வாரத்தில் இருவரும் அதைப் பற்றியே விவாதித்துக்கொண்டிருந்தார்கள். எரித்தால் சாம்பல், அதோடு முடிந்தது என்று அம்மா ஒருநாள் சொன்னார். “அந்தச் சாம்பலையும் ஆத்துலதானே கரைக்கிறோம், ஆறு எங்கேயோ போகுதே” என்றார் பெரியம்மா. அம்மா சிரித்தார். அந்த நான்கு மாதங்களில் அம்மா சிரித்ததாக எனக்கு நினைவிருக்கும் சில தருணங்களில் அது ஒன்று.

ஒரு மாலை, கீழ்த்தளத்து மருந்துக்கடையில் ஊசி மருந்து வாங்கி வரும்படி என்னை அனுப்பினார்கள். வரிசை நீளமாக இருந்தது. திரும்பி வந்தபோது அம்மா இறந்துவிட்டிருந்தார். பெரியம்மா தன் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியையும் இழுத்துக்கொண்டு வந்து அம்மாவின் படுக்கையில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “உங்கம்மா பயப்படலை, கண்ணு” என்றார்.

அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. என் இடத்தை அவர் எடுத்துக்கொண்டதாகவே எனக்குத் தோன்றியது. நான்கு மாதங்கள் இரவும் பகலும் இருந்தவள் நான். கடைசி இருபது நிமிடங்கள் அவருக்குக் கிடைத்தன. அதைவிட, அந்தச் சாவை அவர் தன் ஆற்றோடும் தன் கடவுளோடும் சேர்த்து எனக்குச் சொல்லிவிடுவாரோ என்ற அச்சமும் இருந்தது. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. பயப்படவில்லை என்று மட்டுமே சொன்னார்.

இந்தத் தொடரை அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு தோழியின் வீட்டில் பார்த்தேன். ஆண்டர்ஸ் அந்தக் கையைப் பற்றிய இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்போது நான் ஏதீனாவின் பக்கம் நின்றேன். அது அவளுடைய இடம், இவன் யார் என்று கேட்டேன். இப்போது பார்க்கும்போது, ஏதீனாவால் ஏன் முடியவில்லை என்று எனக்குப் புரிகிறது. தன் முகமே சாவதைத் தன்னால் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் ஒரு வேற்றாளின் கை தேவைப்படுகிறது. அவன் பகைவனாக இருந்தான் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தும் இருக்கலாம். அவள் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

8 மார்ச் 2024, மாலை 5.30

நேற்றைய குறிப்புக்கு எழுதிய அனைவருக்கும் நன்றி. தனித்தனியாக மறுமொழி எழுத இப்போது இயலவில்லை. கனவைப் பற்றிக் கேட்டவருக்கு மட்டும்: ரோஸ்லினின் கனவில் ஒரு படகு ஆற்றைக் கடக்கிறது; எமிலி மறுகரையில் தன் இறந்த குடும்பத்தாரோடு சேர்கிறார்; அங்கே ரோஸ்லினின் தாயும் நிற்கிறார்; தான் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று ரோஸ்லின் பின்தங்குகிறார். விழித்தெழும்போது எமிலி இல்லை. அந்த ஆறு பால்டரின் வானொலிச் சொற்பொழிவிலிருந்து எமிலிக்கும், எமிலியிடமிருந்து ரோஸ்லினுக்கும் வந்தது என்பதைக் கவனியுங்கள். ரோஸ்லினுக்குப் பால்டர் எப்படிப்பட்ட பகைவன் என்பது தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவனுடைய வாயிலிருந்து புறப்பட்ட ஆற்றில்தான் அவர் தன் தாயை மீண்டும் பார்க்கிறார். கேள்வி கேட்ட நண்பரே, கலத்தில் நடப்பது மட்டும்தான் கூட்டணி என்று நினைத்தால் இதை என்னவென்று சொல்வீர்கள்?

இறுதியில் கலாக்டிகாவின் தளபதி அடாமா, பூமி உண்டு என்று தன்னை நம்ப வைத்தவர் ரோஸ்லின்தான் என்று அவரிடமே சொல்கிறார். உள்ளே பாழைச் சுமந்துகொண்டிருந்தவர்தான் மற்றவருக்கு நம்பிக்கையைக் கொடுத்திருக்கிறார்.

10 மார்ச் 2024, இரவு 8.10

தொடக்கத்தில் கேள்வி எழுப்பிய நண்பர் மீண்டும் பார்த்துவிட்டு, தன் கருத்தைப் பாதி மாற்றிக்கொண்டதாகவும், ஆனால் எமிலி ஒரே அத்தியாயத்தில் வந்து சாவதற்காகவே படைக்கப்பட்ட பாத்திரம் என்ற குறை மட்டும் நீங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

இந்தத் தொடரின் பல அத்தியாயங்களின் தொடக்கத்தில் எஞ்சியிருக்கும் மனிதர்களின் எண்ணிக்கை திரையில் வரும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். முதல் பருவத்தின் முதல் அத்தியாயத்தின் இறுதியில் ஒரு குழந்தை பிறந்ததும் ரோஸ்லின் வெள்ளைப் பலகையில் அந்த எண்ணை 47,973 என்று திருத்துவார். அந்தக் கணக்கின்படி எமிலியின் சாவும் பாரோலேயின் சாவும் ஆளுக்கு ஒன்று குறைவு. நடாலி சுட்ட பெண்ணுக்கும், ஆண்டர்ஸின் கையைப் பற்றியபடி இறந்த பெண்ணுக்கும் அந்தப் பலகையில் இடமே இல்லை. இருவருக்கும் வகை எண்தான் உண்டு, பெயர் இல்லை. அப்படிப்பட்ட ஓர் அத்தியாயத்தில், முன்பின் தெரியாத ஒரு நோயாளிக்கு எமிலி கோவால்ஸ்கி என்று முழுப் பெயரைக் கொடுத்து, அவளைப் பேசவிட்டு, ஆற்றைக் கடக்கவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். சாவதற்காகவே அவள் வந்தாள் என்பதை நானும் மறுக்கவில்லை.

இன்று மாலை முழுவதும் அந்தப் பெரியம்மாவின் பெயரை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். படுக்கையின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் அது எழுதியிருந்தது. நான்கு மாதங்கள் நாள்தோறும் அதைக் கடந்து போயிருக்கிறேன். பதினான்காம் எண் படுக்கை என்பது மட்டும் நினைவுக்கு வருகிறது.